ஜெபா வரைந்த தராசு ஊசி

ஈரச் சாக்குக்குள் அமுங்கிக் கிடக்கும் பிச்சிப் பூவின் வாசம் தெரியுமா உங்களுக்கு... ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால், மத்தியானம் சோறு தின்னும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் முப்பது வருஷம் எடை போட்டவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாவதுக்கு நானும் போகவில்லை, வாத்தியாரும் தேடி வரவில்லை. இரண்டு பேருக்கும் நிம்மதி.

நான் சொல்ல வந்தது, அந்த வேலையை விட்டு நின்றபிறகு நடந்த கதை. நாலு வருஷம் இருக்கும்.

என் மகள் ஜெபா பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு போனில் ஓடும் ஆப் எழுதித் தருகிறவள். வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்திருந்தாள். நம் மார்க்கெட்டுக்கே ஒரு ஆப் செய்யும் வேலை அவளுக்கு வந்தது. கடையில் எலெக்ட்ரானிக் தராசில் பூவை வைத்தால், அந்த எடை விவசாயியின் போனிலும் அப்போதே தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

போனில் பழைய ஸ்பிரிங் தராசு மாதிரியே வட்ட முகம், கோடு, எண், சிவப்பு ஊசி எல்லாம் வரைந்திருந்தாள்.

"ஏட்டி, வெறும் நம்பர் போட்டா பத்தாதா?"

"எழுத்துக் கூட்டத் தெரியாதவங்களும் ஊசியப் பாத்து எடை சொல்லிருவாங்கல்லாப்பா."

"அப்பம் ஒரு தராச போட்டோ எடுத்து ஒட்ட வேண்டியதுதான?"

"ஒட்டுன படம் ஒரு போன்ல மங்கும், இன்னொண்ணுல நசுங்கும். அதான் ஒவ்வொரு கோடா கம்ப்யூட்டர் கோட் எழுதி வரையுதேன். ஒரு தடவ எழுதுனா ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓடும்."

எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கும் சேர்த்துத் தலையை ஆட்டினேன்.

முதல் நாள் மார்க்கெட்டில் காட்டினாள். பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்காரர் ஒருவர், மல்லிப்பூ கொண்டு வருகிறவர், போனைக் கையில் வாங்கினார். பூ தராசில் ஏறியது. போனில் ஊசி சர்ரென்று போய் சரியான எடையில் நின்றது.

அவர் முகம் கோணிவிட்டது.

"இது யாரோ புடிச்சு வச்சிருக்க ஊசில்லா... எனக்கு வேண்டாம்மா."

அவர் சொன்னதும் மற்றவர்களும் நகர்ந்துவிட்டார்கள். கம்பெனியில் ஒரு வாரம் கொடுத்தார்கள். அதற்குள் விவசாயிகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆப்பை மூடிவிட்டு, ஜெபா பெங்களூர் ஆபீசுக்கே திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து கணக்கையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒரு கிராம் கூடப் பிசகு இல்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"எப்பா, நான் பெங்களூருக்கே திரும்பிப் போகணும். நீங்க சிரிக்கீங்க?"

"காப்பி போட்டுட்டு வா, சொல்லுதேன்."

முறைத்துக்கொண்டே போட்டு வந்தாள். குடித்து முடித்தபிறகுதான் சொன்னேன். தொங்குகிற தராசில் ஊசி போன உடனே நிற்காது. கொஞ்சம் தாண்டும், திரும்பி வரும், இன்னும் கொஞ்சம் ஆடும், அப்புறம்தான் அடங்கும். ஆடாமல் நின்றால், எடை போடுகிறவன் தட்டுக்கு அடியில் பெருவிரல் கொடுத்திருக்கிறான் என்று அர்த்தம். மார்க்கெட்டுக்கு வருகிற எல்லாருக்கும் இது தெரியும்.

ஜெபா என்னையே பார்த்தாள்.

"ஒங்களுக்கு எப்படிப்பா இவ்வளவு வெவரமா தெரியும்?"

நான் டம்ளரைக் கழுவ எழுந்து போனேன். வாழ்க்கையில் நானாகக் கழுவிய முதல் டம்ளர் அதுதான்...

அன்றே என் பழைய தராசைப் பரணிலிருந்து இறக்கி ஜன்னல் கம்பியில் கட்டினாள். கத்திரிக்காய், அரிசிப் பை, தன் லேப்டாப் பை எல்லாம் தொங்கவிட்டு, ஊசி ஆடுவதை ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்தாள்.

மறுநாள் போனில் ஊசியை அதே மாதிரி ஆடவைத்துக் காட்டியதைப் பார்த்து, "ஏட்டி, இது தராசா... இல்ல மார்கழியில குத்தாலத்துல குளிச்சுட்டு வந்தவனா?" என்றேன். அப்படி ஒரு நடுக்கம். குறைத்தாள். அடுத்து, என் விலை குறைந்த போனில் ஊசி விக்கி விக்கிப் போனது. ஊசி நகரும்போதெல்லாம் கோடு, எண் எல்லாவற்றையும் போன் மறுபடி மறுபடி வரைகிறதாம். இனி வட்ட முகம் அப்படியே கிடக்கட்டும், ஊசி மட்டும் புதிதாக வரட்டும் என்று மாற்றினாள். இது எனக்கு ஒன்றுமே தெரியாத இடம். அவளே கண்டுபிடித்தாள்.

ஆறாவது நாள் மறுபடி மார்க்கெட். அதே திருவேங்கடத்துக்காரர். ஜெபா சுடிதார் ஷாலை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

பூ ஏறியது. ஊசி போனது, தாண்டியது, திரும்பியது, சின்னதாக ஒரு ஆட்டம்... நின்றது.

அவர் பூவை இறக்கி வைத்தார். மறுபடி ஏற்றினார். மூன்று தடவை.

"ம்... இப்பம் யாரும் புடிக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, எதுக்கும் ஒம்ம கைய வேட்டிக்குள்ளயே வச்சுக்கிடும் வே!"

மார்க்கெட்டே சிரித்தது. ஜெபா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பூத்தூசி என்று சொல்லிவிட்டேன்.

ஜெபா இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். பக்கத்து ராயகிரி வியாபாரிகள் தேங்காய்க்கும் அதே தராசை வரையச் சொல்லி வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் நான் எடையைக் கத்திச் சொன்னால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஆனாலும் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். இவள் வாயே திறப்பதில்லை, எங்கெங்கேயோ இருக்கிற ஆட்கள் இவள் ஊசியை நம்பிப் பூவைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

எனக்குத்தான் கத்துவதற்கு இப்போது எடை இல்லை. அதனால் மகளைப் பற்றி இங்கே கத்திக்கொண்டிருக்கிறேன்... காது வலித்தால் பொத்திக்கொள்ளுங்கள், நான் நிறுத்தமாட்டேன்.