தட்டினால் விடும் கை

சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. லாட்ஜில் சாவி கொடுப்பதும், தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் "இப்ப வந்துடுங்க" என்று பொய் சொல்வதும் என் உத்தியோகம். அந்தக் கூட்டத்துக்குள் மண்டபத்தூர் கலியபெருமாளின் தம்பி வந்து நின்றார். "அண்ணன் போயிட்டாருங்க" என்றார். "எங்க?" என்று கேட்டேன். என் மூளை எப்போதும் பஸ் போன பிறகுதான் ஓடிவரும்.

காரைக்கால் பக்கம் குஸ்தி பார்த்தவர்களுக்குக் கலியனைத் தெரியும். கடலில் வலை இழுத்து இறுகிய தோள். ஆனால் அவன் யாரையும் குத்தி நான் பார்த்ததில்லை. எழுபதுகளில் குத்து, உதை, பிடி எல்லாம் செல்லும் என்று கலப்புச் சண்டைகள் வந்தபோதும் அவன் மாறவில்லை. எதிரி குத்தக் குத்த, மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி நிற்பான். பிறகு இடுப்பைப் பிடித்து மண்ணுக்குக் கொண்டுபோய்விடுவான். "அவன் குத்தட்டும் மாப்ளே. குத்துறவனுக்குத்தான் மூச்சு வாங்கும். அப்புறம் கீழ வச்சுப் பேசிக்கலாம்" என்பான்.

அவன் பிடித்துப் பழகிய உடம்பு என்னுடையது. என் படிப்பு எட்டாவதோடு நின்றது. குஸ்தி அதற்கும் கீழே. எனக்கிருந்த ஒரே திறமை, வலிக்கும் முன்பே தட்டிவிடுவது. பிடிபட்டவன் எதிராளியின் உடம்பில் தட்டினால் தோற்றேன் என்று அர்த்தம். தட்டியதும் விட்டுவிட வேண்டும், நடுவர் வாயைப் பார்க்கக் கூடாது. எங்கள் மணலில் அதுதான் வழக்கம். "இன்னும் புடிக்கவே இல்லையேடா!" என்று சிரிப்பான் கலியன். ஆனாலும் விட்டுவிடுவான்.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு குத்துச்சண்டைக்காரர் வந்தார். அவரை ஜெயித்தால் கலியனை மெட்ராஸுக்கே கூட்டிப்போய், தங்க இடம் கொடுத்து, வருஷம் முழுக்கச் சண்டைக்கு விடுவதாகப் போட்டி நடத்தியவர் சொல்லியிருந்தார். அதை நம்பிப் படகில் தன் இடத்தை மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தான் கலியன்.

அன்று மூக்கு உடைந்தும் அவன் நிதானம் உடையவில்லை. கடைசியில் மெட்ராஸ்காரரைக் கவிழ்த்துக் கழுத்தில் கைபோட்டு இறுக்கினான். நடுவர் அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம், என் கண்ணெதிரே, மெட்ராஸ்காரரின் கை கலியனின் விலாவில் இரண்டு முறை தட்டியது. கலியன் விட்டான். எழுந்தவர் ஓங்கி ஒரு குத்து விட்டார். கலியன் விழுந்தான், சண்டை முடிந்தது.

"தட்டுனாருங்க! நான் பாத்தேங்க!" என்று மணலுக்குள் ஓடினேன். "தட்டுறதப் பத்தி ஒனக்குத் தெரியாதா பின்ன!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, ஊரே சிரித்தது. வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நடுவர் கேட்டதற்கு மெட்ராஸ்காரர் இல்லை என்று தலையாட்டினார். கலியன் மூக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மணலை விட்டு வெளியே நடந்தான்.

மறுநாள் டீக்கடையில் என்னைக் காட்டி, "இவனோட பழகித்தாண்டா ஒன் கை கெட்டுப்போச்சு. இனிமே ஈ உக்காந்தாகூட விட்டுரும்" என்றார் ஒரு பெரியவர். கலியன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "கை கெடலண்ணே. சரியாத்தான் கேட்டுச்சு."

மச்சான் படகில் இடத்தைத் திருப்பித் தரவில்லை. யாராவது கூப்பிட்ட அன்று மட்டும் கலியன் கடலுக்குப் போனான். உள்ளூரில் சில சண்டைகள் கிடைத்தன. எண்பதுகளில் அதுவும் நின்றது. லீவு நாளில் நான் போகும்போதெல்லாம் கரையில் தனியாக உட்கார்ந்திருப்பான். "வா மாப்ளே, ஒரு பிடி" என்பான். தொந்தி போட்ட இரண்டு பேர் மணலில் புரள்வதைப் பார்த்து நாய்கள் குரைக்கும்.

அடக்கத்துக்கு வந்தவர்கள், "ஜெயிக்கிற நேரத்துல விட்டுட்டான்யா" என்றுதான் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "தட்டுனத வேற யாருப்பா பாத்தா?" என்றாள். யோசித்தேன். தட்டியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். விட்டவன் போய்விட்டான்.

"நான்தாம்மா" என்றேன்.

கலியனிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த இரண்டு தட்டுதான். இனி அதற்கு நான் ஒருவன்தான் சாட்சி. அதுவும் யாரும் நம்பாத சாட்சி. இருந்தாலும் சொல்கிறேன்: அன்று அவன் தோற்கவில்லை.