மேற்கே திரும்பிப் பேசிய தோழர்

மாரண்டஹள்ளிச் சந்தையில் வாராவாரம் ஒரு தோழர் பேசுவார். தோளில் சிவப்புத் துண்டு, வாயில் தகரக் குழாய். வியட்நாமில் குண்டு போடும் அமெரிக்காவைத் திட்டும்போது மட்டும், அது இருக்கும் திசையென்று மேற்கே திரும்பிக்கொள்வார். அமெரிக்காவுக்குக் கேட்டதோ என்னவோ, ஆட்டுச் சந்தை வரைக்கும் கேட்டது.

ஒருநாள் களையெடுக்கும் பெண் ஒருத்தி குறுக்கிட்டாள். “அண்ணா, கெழக்க வெத்தலக் கடையில நிக்கறாரே எங்க பண்ணக்காரரு, கூலி ராகியில படியக் கொறைக்கறாருங்க. அவரையும் ரெண்டு வார்த்த கேளுங்க.”

தோழர் குழாயை இறக்கினார். “அவரு இப்ப நம்ம கூட்டணிங்கம்மா. மேல இருந்து முடிவு வரணும்.”

பிறகு மேற்கே திரும்பி, அமெரிக்காவை இன்னும் சத்தமாகத் திட்டினார்.

போர் முடிந்த வாரமும் அவரைப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் குழாயும் கையுமாக நின்றார். கிழக்கே மட்டும் திரும்பவில்லை.