வேட்டுக்காரர் வென்சுவின் பாட்டு ஞாயிறு

நவம்பர் கடைசி ஞாயிறன்று வென்சு டெபாட்டிஸ்டா மதியம் சாப்பிடுவதில்லை. காலையில் கண்ணாடித் தம்ளரில் தேநீர், பட்டாணி வைத்த பஸ்திட்சிப் பலகாரம் ஒன்று, அவ்வளவுதான். பிறகு சிவப்புக் கிளப்பில் டிவிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஐரோப்பாக் குழந்தைகளின் பாட்டுப் போட்டி தொடங்கும்வரை கழுத்தை அண்ணாந்து விளம்பரம் பார்க்கிறார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் கழுத்து வலிக்காதே என்று யாராவது சொன்னால், "தள்ளி உக்காந்தா முன்னாடி நிக்கிறவன் முதுகைத்தான் பாக்கணும். எத்தனை வருஷம் பாத்தாச்சு அந்த முதுகை" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. வாரநாட்களில் பூச்சுவேலை. புருவத்தில் எப்போதும் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். மற்ற நேரமெல்லாம் சிவப்புக் கிளப்பின் வேட்டுக்காரர். அதற்குச் சம்பளம் கிடையாது. மால்ட்டாவில் இருக்கிற எங்கள் ஊரில் ஒரு கோயில், ஒரு சதுக்கம், இரண்டு பேண்டு கிளப்: ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்புக்காரர்கள் ஒரு புனிதருக்குத் திருவிழா எடுக்கிறார்கள். நீலக்காரர்கள் மூன்று வாரம் கழித்து இன்னொரு புனிதருக்கு, இன்னும் சத்தமாக எடுக்கிறார்கள். வேட்டுச் சத்தத்தைப் பற்றிய பேச்சில் இங்கே கல்யாணங்கள் நின்றிருக்கின்றன.

திருவிழாக் காலம் போக, வென்சு வேட்டுப் போடுவது மால்ட்டா அந்தப் போட்டியில் வென்றால் மட்டும்தான். இதுவரை இரண்டு முறை. இரண்டு முறையும் ஊரில் பாதிப்பேருக்குச் செய்தி வானத்திலிருந்துதான் வந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் அனுமதி கேட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போவார். என்ன விசேஷம் என்று கேட்பார்கள். "பாட்டு" என்பார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

ஆண்டுகளை அவர் எண் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "நாம கடைசில வந்தமே, அந்த வருஷம்தான் மாடி எடுத்தேன்" என்பார். எந்தக் கடைசி என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கடைசியில் வந்தது ஒருமுறை அல்ல. முதல் போட்டியிலேயே நாங்கள் இருந்தோம். நடுவில் இரண்டு ஆண்டு யாரையும் அனுப்பவில்லை. அவருடைய இளைய மகன் அப்போது பிறந்தவன். "பாட்டில்லாத வருஷத்துல பொறந்தவன், அதான் வாயே தொறக்க மாட்டேங்கறான்" என்று அவன் எதிரிலேயே சொல்வார். மூன்றாம் ஆண்டு திரும்பப் போனோம், போனதும் வென்றோம்.

"ரெண்டு வருஷம் போகாம இருந்தோம், அப்புறம் போனோம், ஜெயிச்சோம். சரி. இதுல நாம கத்துக்க வேண்டியது என்ன? அடிக்கடி போகாதீங்கன்னா? இன்னிக்கி வரைக்கும் எனக்குப் புரியல."

புரியாதது அது ஒன்று மட்டுமல்ல. போட்டியின் விதிகள் இத்தனை ஆண்டுகளில் மாறி மாறி, அவர் தலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசின சுண்ணாம்பு மாதிரி ஏறிக் கிடக்கின்றன. முன்பு ஒரு காலத்தில் மேடையேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கத்திலேயே பன்னிரண்டு புள்ளி கொடுத்துவிடுவார்கள், எந்தக் குழந்தையும் பூஜ்யத்தோடு வீடு திரும்பக் கூடாது என்று. அதை எடுத்ததை வென்சு இன்னும் மன்னிக்கவில்லை. போனில் ஓட்டுப் போட்ட காலம் போய், நடுவர்கள் மட்டும் என்றார்கள். பிறகு நடுவர்கள் பாதி, இணையத்தில் மக்கள் பாதி. அவரவர் நாட்டுக்கே ஓட்டுப் போடலாம், ஆனால் கூட வேறு நாடுகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். "நம்ம புள்ளைக்குப் போட்டுட்டு, அவளைத் தோக்கடிக்கப் போறவங்களுக்கும் போடணுமாம். இது ஓட்டா, பாவமன்னிப்பா?"

இந்த ஆண்டு மால்ட்டாவுக்காகப் பாடத் தேர்வானவள் எங்கள் ஊர்ப் பெண். தெயா புஜேயா, பன்னிரண்டு வயது. நீலக் கிளப்புக் குடும்பம். தாய்மாமன் ஷார்லோ நீல பேண்டில் டிராம்போன் ஊதுகிறார். நீலக் கிளப்பின் வெடிக்கிடங்குக்கோ கூரை மாற்றுகிறார்கள், உள்ளே ஒரு மத்தாப்புகூட இல்லை. ஆகவே அக்டோபரில் ஒரு மாலை ஷார்லோ சதுக்கத்தைக் கடந்து, பிறந்ததிலிருந்து கால் வைக்காத சிவப்புக் கிளப்புக்குள் வந்தார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"வழி தவறிட்டியா? உங்க இடம் எதுத்தாப்ல" என்றார் ஒருவர்.

ஷார்லோ அவரைப் பார்க்கவில்லை. "வென்சு, புள்ள ஜெயிச்சா வேட்டு உண்டா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"அவ என்ன உங்க கிளப்புக்கா பாடறா?"

"நாட்டுக்குத்தான்."

"அப்ப எதுக்குக் கேக்கற? உண்டு."

"நீலப் புள்ளைக்குச் சிவப்பு வெடிமருந்தா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேல போயி வெடிச்ச பிறகு எந்த மருந்து எந்தக் கலர்னு நீ வந்து மோந்து பாத்துச் சொல்லு" என்றார் வென்சு.

அந்த ஞாயிறு மாலை சிவப்புக் கிளப்பில் நீலக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். யார் யாருக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் குழப்பம் நடந்து, கடைசியில் எல்லோரும் தனித்தனியாக வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே வயலில், வென்சுவின் மைத்துனர் நெனு பற்றவைக்கத் தயாராக நின்றார். வென்சு போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. ஷார்லோ உள்ளே வரவில்லை. பார்க்கத் தாங்காது என்று சதுக்கத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

தெயா நன்றாகத்தான் பாடினாள். பிறகு நடுவர்களின் புள்ளிகள் நாடு நாடாக வரத் தொடங்கின. அவள் மூன்றாவதானாள், இரண்டாவதானாள், மறுபடி மூன்றாவது. கடைசி நாடு பன்னிரண்டைக் கொடுத்தபோது பட்டியலின் உச்சியில் மால்ட்டா நின்றது. கிளப்பே எழுந்துவிட்டது. நாற்காலிகள் விழுந்தன, ஒரு நீலக்காரர் ஒரு சிவப்புக்காரரைக் கட்டிப்பிடித்து, யாரென்று பார்த்துவிட்டும் விடவில்லை. டிவியில் தொகுப்பாளர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யார் காதிலும் விழவில்லை.

வென்சு போனில் "போடு" என்றார்.

முதல் வேட்டில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கதவுகள் திறந்தன, கோயில் மணியடிப்பவர் ஓடினார். சதுக்கத்தில் இருந்த ஷார்லோ டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வென்சு போட்டுவிட்டால் அதுதான் முடிவு. போட்டி நடந்த வெளிநாட்டு அரங்கத்தில் தெயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவை, தன் அக்காவை, போனில் அழைத்தார்.

டிவியில் மக்கள் ஓட்டு இனிமேல்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். பாடிய பிள்ளைகள் வரிசையாக இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி குனிந்து தன் மகளின் காதில் ஏதோ சொல்கிறார். தெயா எழுந்து நிற்கிறாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு வலப்பக்கம் பார்க்கிறாள், இடப்பக்கம் பார்க்கிறாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. கேமரா அவளை விட்டு நகர மாட்டேனென்கிறது. தாய் அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுக்கிறார். உட்காருகிறாள்.

கிளப்பில் சத்தம் நின்றது. வெளியே நிற்கவில்லை.

"நெனு, நிறுத்து."

"எதை நிறுத்தச் சொல்ற? பாதி மேல போயிடுச்சு. மீதி போயிட்டிருக்கு."

வேட்டு வரிசையைப் பற்றவைத்தால் முடியும்வரை நிற்காது. மக்கள் ஓட்டு ஒவ்வொரு நாட்டுக்கும் வரிசையாக வந்து, தெயாவின் பெயர் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, எங்கள் வானம் அவளுக்காக வெடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது இடத்தில் வந்து நின்றாள். அதற்கும் பிறகு இரண்டு வேட்டுகள் மிச்சமிருந்தன.

"விதி தெரியாமலா போட்டேன்?" என்று இரவு தன் மனைவி டோலோரெஸிடம் கேட்டாராம் வென்சு. "எல்லா விதியும் தெரியும். அந்த நேரத்துல எந்த வருஷத்துல நின்னேன்னுதான் தெரியல."

"நாளைக்கி அந்தப் புள்ள மூஞ்சில எப்படி முழிக்கப் போற, அதைச் சொல்லு" என்றாராம் டோலோரெஸ்.

சிவப்புக் கமிட்டி மறுநாள் காலையே கூடியது. நீலப் பெண்ணுக்கு வேட்டுப் போட்டது குற்றம் என்றார்கள் சிலர். தோற்றதற்குப் போட்டதுதான் குற்றம், நீலத்தைப் பற்றிப் பேச்சில்லை என்றார்கள் சிலர். தோற்ற நீலத்துக்குப் போடுவது ஒருவகையில் நல்லதுதானே என்றார் ஒருவர். தீர்மானம் எதுவும் எழுத முடியாமல் கலைந்தார்கள். வென்சு முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார்.

நீல பேண்டு முன்னால் நின்றது. ஷார்லோவுக்கு டிராம்போன் ஊத மூச்சு வரவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். வென்சு வாடகைக் கார் வரிசைப் பக்கம் தனியாக நின்றார். போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. தெயா பூங்கொத்துகளை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நேராக அவரிடம் வந்தாள்.

"வென்சு மாமா, நான் எந்திரிச்சதைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "பாத்தேன்மா" என்றார்.

"எல்லாரும் பாத்தாங்க. பக்கத்துல இருந்த பையன், பாத்ரூம் போகணுமான்னு கேட்டான்."

"தப்பு என்னோடது. உங்க மாமன் மேல கோச்சுக்காத."

"கோச்சுக்கிட்டேன். அவர் மேலயும், உங்க மேலயும், அம்மா மேலயும்." கொஞ்சம் யோசித்தாள். "போன்ல சத்தம் கேட்டுச்சு. நம்ம ஊர்லகூட அவ்வளவு சத்தமா நான் கேட்டதில்ல."

வென்சு தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"வெடிக்கச் சொல்றது யாரு?" என்றாள் தெயா.

"நான்தான். நெனுகிட்ட போன்ல சொல்லுவேன்."

"நெனு நம்பர் குடுங்க."

"எதுக்கு?"

அவள் தன் போனைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வென்சு ஒருமுறை ஷார்லோவைப் பார்த்தார், ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி இரண்டையும் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னார்.

அடுத்த நவம்பரில் மேடையேறப்போவது யாரென்று இன்னும் முடிவாகவில்லை. வயலுக்குப் போன் தெயாவிடமிருந்து போகும்.