கேள்வி கேட்காத கட்டளை

கடந்த செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. ஒரே வரியில், தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் ஓணத்தை அழித்தேன்.

ஒரே வரியில்! பட்டிமன்ற மேடையில் வணக்கம் சொல்லவே நான்கு வரி எடுத்துக்கொள்பவன் நான்.

நானும் ஸ்டெல்லாவும் பணிபுரியும் நாகர்கோவில் அலுவலகம்தான், அந்த வியாபாரி செல்லப்பன் அண்ணாச்சியின் ஓணப் பூ ஆர்டர்களைக் கிளவுடில் பராமரிக்கிறது. அங்கே இரண்டு சர்வர்கள் - ஒன்று ஒத்திகைக்கு, மற்றொன்று நிஜம். இரண்டுக்கும் ஒரே பெயர். சூட்டியவன் அடியேன்!

ஒத்திகை முடிந்தது, அந்தச் சர்வரை நீக்க வேண்டும். பட்டனைத் தேடி அழுத்துவது என் தகுதிக்கு அழகா? கருப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டினேன்.

நீக்குமுன் கணினி, 'நிச்சயம்தானா?' என்று பணிவுடன் வினவும். நான் பேசுகையில் குறுக்கிடுவதா? 'கேள்வி கேளாதே' என்ற குறிப்பையும் வரியின் இறுதியில் சேர்த்தேன். கணினி கேட்கவில்லை. நீக்கியது... நிஜத்தை. காலையில் நிஜ சர்வரின் பக்கம் திருப்பிய கணினியை, ஒத்திகைப் பக்கம் மீண்டும் திருப்ப மறந்திருந்தேன்.

அண்ணாச்சி போனில் வந்தார்.

"மக்கா, ஆர்டர் ஒண்ணையும் காணல்லியே! நாளைக்கு விடிய வண்டி கேரளா போவணும். யாருக்கு எத்தன கிலோ கேந்திப் பூன்னு நான் எங்க போய்க் கேக்க?"

"அண்ணாச்சி, தொழில்நுட்பம் என்பது..."

"பிரசங்கம் பொறவு. லிஸ்ட் எங்க?"

ஸ்டெல்லா என் திரையை எட்டிப் பார்த்தாள். "ஏலே, எத அழிச்ச?"

நடுவர் மணியடித்தும் நிறுத்தாத நான், ஒற்றை விரலால் திரையைக் காட்டினேன்!

"எந்திரில" என்று என் நாற்காலியைப் பிடித்தாள். முந்தைய மாலை அவளே எடுத்துவைத்த நகலிலிருந்து, பத்தே வரிகளில் சர்வரை எழுப்பினாள். அன்று காலை வந்த ஒன்பது ஆர்டர்கள் மட்டும் நகலில் இல்லை. அந்த ஒன்பது கேரளக் கடைக்காரர்களையும் நானே அழைத்தேன். என் முன்னுரையைக் கேட்டுக் களைத்த ஒருவர், அதை மட்டும் சொல் என்று மலையாளத்தில் வெடித்தார்: "மோனே, பூ உண்டோ இல்லயோ? அது பற!"

விடியலில் வண்டி புறப்பட்டது.

மேடையில் நாம் முழங்குவதை எவராவது அப்படியே நிறைவேற்றியதுண்டா? கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தத் துணிச்சலில்தானே பேசுகிறோம்! கட்டளை வரியோ கைதட்டுவதில்லை - சொன்னதைச் செய்துவிடுகிறது.

நேற்று, ஒத்திகைச் சர்வரை நீக்க மீண்டும் அமர்ந்தேன். இம்முறை கணினியைக் கேட்கவிட்டேன். 'நிச்சயம்தானா?'

"நிச்சயம்!" என்று முழங்கினேன்.

ஸ்டெல்லா பாய்ந்து வந்தாள். "கைய எடுல! நீ நிச்சயம்னு சொல்லும்போதுதான் எனக்குப் பயமே!"