கடற்கரைக் கோயில் வழக்கு

மூன்றாம் வகுப்பு ப்ராஜெக்டில் என் மகளுக்கு ஃபெயில் போட்ட மிஸ் மேல் கேஸ் போட முடியுமா என்று ஒரு வக்கீலிடம் கேட்க, இன்று காலை அவளையும் கூட்டிக்கொண்டு திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

சிரிக்காதீர்கள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்து எடுத்த முடிவு.

ப்ராஜெக்ட், தெர்மாகோலில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். அலைக்குப் பஞ்சு. வாசலில் டிக்கெட் கவுண்டர்கூட உண்டு.

வக்கீல் வந்திருக்கவில்லை. அவருடைய குமாஸ்தாதான் என் போனில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சோக்கா கீதும்மா. இதுக்கா ஃபெயிலு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் கிடைத்த முதல் ஆதரவு.

"மனுவுல, பொண்ணு தானே செஞ்சதுன்னு எழுதி நீ கையெழுத்து போடணும்" என்றவர் மகளிடம் திரும்பினார். "பாப்பா, இத்த யாரு செஞ்சது?"

"அம்மா. நான் தொட்டா திட்டுவாங்க. மிஸ் கேட்டப்பவும் இதான் சொன்னேன்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "எதிர்க்கட்சி சாட்சிய நீயே கையோட கூட்டிக்கினு வந்துட்டியேம்மா."

திங்கட்கிழமைக்குள் மகளே செய்து கொண்டுவந்தால் மார்க் போடுவதாக மிஸ் அவளுடைய ஸ்கூல் டைரியில் எழுதியிருக்கிறார். கோபத்தில் அந்த வரிவரை நான் படிக்கவே இல்லை.

இப்போது அவளே செய்துகொண்டிருக்கிறாள். கோபுரம் கடல் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் தூங்கிய பிறகு அதைக் கொஞ்சமே கொஞ்சம் நிமிர்த்தி வைத்தால் குற்றமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.