நான் வெட்டிய நடுப்பெயர்

டைப்பிங் சென்டர் வேலையில் நம் பெயரை யாரும் கேட்பதில்லை. அடுத்தவர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மட்டும் எல்லோரும் நம்மைத் தேடி வருவார்கள். இந்தப் பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

விசா இல்லாத வேலை

எமிரேட்ஸில், முவைலா பகுதியில் எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சலூன். அங்கே வேலை பார்க்கும் ரோஸ், பிலிப்பைன்ஸ்காரர், ஒருநாள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றோடு வந்தார். அவர் அம்மா சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். ஒரு சித்தி அம்மாவை மணிலாவுக்கு அழைத்துப் போக, அண்ணன் பெனிட்டோ ஊரிலேயே தங்கிவிட்டார். அதோடு தொடர்பு விட்டுப்போயிற்று. இப்போது அம்மாவுக்கு மறதி நோய். தினமும் போனில் "குயா எங்கே?" என்று கேட்கிறாராம். குயா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்றார் ரோஸ்.

விசா ஃபார்மைத் தவிர வேறொன்றும் அறியாதவன் நான். ஆனாலும் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சம். எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் கேட்டேன். ரோஸ் ஆங்கிலத்தில் சொன்னது இது: "என்கிட்ட இருந்து சார். நான், அப்புறம் அம்மா, அப்புறம் அவங்க அம்மா அப்பா. ஒவ்வொரு படியா பின்னால போகணும். அம்மா மறக்கிறதுக்குள்ள டைப் பண்ணிடுங்க."

வரிசை நிற்கிறது

அம்மா அனுப்பும் குரல் செய்திகளைக் கேட்டு ரோஸ் சொல்வார், நான் அடிப்பேன். ஒரு வாரம் அம்மா, தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த சர்ச்சின் பெயரைச் சொன்னார். அடுத்த வாரம் அதற்கு எதிரே இருந்த ரொட்டிக்கடை மட்டும்தான் நினைவிருந்தது.

அவர்கள் நாட்டுப் பதிவு அலுவலகத்திலிருந்து அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் நகல் வந்ததும், பெனிட்டோவைப் பற்றி விசாரித்து அந்த சர்ச்சுக்கு மெயில் தயார் செய்தேன். பின்னால் எமிரேட்ஸ் ஐடிக்கு ஆட்கள் நின்றார்கள். அவசரத்தில் ரோஸும் சரிபார்க்கவில்லை; அப்படியே அனுப்பிவிட்டேன். கடையை நடத்தும் ராமநாதபுரத்து செல்வம் அண்ணன் எட்டிப் பார்த்தார்: "ஏண்டா தம்பி, இது டைப்பிங் சென்டரா, கல்யாணத் தரகர் ஆபீஸா? யல்லா, சீக்கிரம், அந்த பாய் அரை மணி நேரமா நிக்கிறாரு!"

பதினொரு பெனிட்டோ

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பெனிட்டோ டாகோய் என்ற பெயரில் பதிவேட்டில் பதினொரு பேர்! ஸ்பெயின்காரர்கள் ஆண்டபோது பட்டியல் வைத்துக் குடும்பப் பெயர் கொடுத்தார்களாம். அந்த ஊரில் பாதிப் பேர் டாகோய்.

சான்றிதழை மறுபடி எடுத்தேன். அம்மாவின் பெயர் கோரா டுமாலி டாகோய் என்று இருந்தது. மெயிலில் டுமாலி இல்லை. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டே வளர்ந்தவன் நான். நடுவில் இருப்பது ஆசைக்கு வைத்த பெயர் என்று நினைத்து, ஃபார்மில் கட்டம் போதாதபோதெல்லாம் அதைத்தான் வெட்டுவேன். அந்தப் பழக்கத்தில் மெயிலிலும் வெட்டியிருந்தேன். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கோ அது தாய் பிறந்த வீட்டுப் பெயர். பதினொரு பேரில் எங்கள் ஆளைப் பிரித்துக் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.

சொல்லாமலே இன்னொரு மெயில் அனுப்பியிருக்கலாம். ஆனாலும் மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். சலூனுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஒருவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ரோஸ் பிரஷைக் கீழே வைத்தார். "மூணு வாரத்துல எங்கம்மா என் பேரை மறந்துட்டாங்க சார். குயா பேரு மட்டும் இன்னும் இருக்கு. போய் உடனே அடிங்க."

அஞ்சு நிமிஷம்

முழுப் பெயரோடு போன மெயிலுக்கு இரண்டே நாளில் பதில். ஒரே ஒரு பெனிட்டோ டுமாலி டாகோய், உயிரோடு. அவர் பேத்தியின் போன் எண்ணையும் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் கடை வைஃபையில் ரோஸ் அண்ணன் தங்கை இருவரையும் ஒரே வீடியோ காலில் சேர்த்தார். வரிசையைப் பார்த்து, "பாய், பாஞ்ச் மினிட்" என்று கையமர்த்தியவர் செல்வம் அண்ணன்தான். திரையில் தெரிந்த கிழவரை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "பெனிட்டோ டாகோய்" என்றார் அவர். அம்மா தலையசைத்து மறுத்தார். கிழவர் மறுபடி, நிறுத்தி, "பெனிட்டோ... டுமாலி... டாகோய்" என்றார்.

அம்மா திரைக்கு அருகே வந்தார். அம்மா சொன்னதை ரோஸ் அழுதுகொண்டே எங்களுக்கு மொழிபெயர்த்தார்: "டுமாலி எங்கம்மா வீட்டுப் பேராச்சே! குயா, நீ எப்போ இவ்வளவு கிழவனானே?"

அன்றிலிருந்து கட்டம் போதாவிட்டால் பெயரை வெட்டாமல் எழுத்தைத்தான் சிறிதாக்குகிறேன். கண்ணாடி கொண்டுவராத வாடிக்கையாளர்களுக்காக செல்வம் அண்ணன் கவுன்ட்டரில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துவிட்டார்.