யாரும் ஆமென் சொல்லாத ஜெபம்

மூன்றாம் மாதம் முடிந்த பிறகுதான் மகளிடம் சொன்னோம். அவளுக்கு நாலு வயது. "அம்மா வயித்துல பாப்பா இருக்கு. நல்லா வளரணும்னு இயேசப்பாகிட்ட கேளு" என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து எங்கள் குடும்ப ஜெபத்தில் கடைசியாக ஜெபிப்பது அவள் என்று ஆனது. என் கணவர் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்கிறார். அவருக்கு இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் நாங்கள் இருவர் மட்டும் பாயில் உட்கார்ந்து ஜெபிப்போம். "பாப்பாவ பத்திரமா பாத்துக்கோங்க. பாப்பாக்கு நெறைய முடி இருக்கணும். இயேசுவின் நாமத்தில் கேக்குறோம் நல்ல பிதாவே" என்று அவள் முடிப்பாள். நான் ஆமென் சொல்வேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மாலையும் அவள் வழக்கம்போல ஜெபித்தாள். என் வாய் தானாக ஆமென் சொல்லிவிட்டது. மறுநாளும் சொன்னேன். "பிள்ளைகிட்ட சொல்லிடு" என்றார் கணவர். "நீங்க சொல்லுங்களேன்" என்றேன். "சண்டே சொல்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரை ஓவர்டைம் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போய்விட்டார்.

நான் எதையெல்லாமோ யோசித்துக்கொண்டிருந்தேன். உபவாசம் இருந்தது தப்போ, பஸ்ஸில் எங்கள் ஊர் பென்னலூர் வரை நின்றபடி வந்தது தப்போ. "நீங்க செஞ்சதால எதுவும் ஆகலம்மா" என்று டாக்டர் சொன்னதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை. கல்யாணத்துக்கு முன் நானும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தவள். கழித்துப்போட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் எழுதியாக வேண்டும். தெரியவில்லை என்று எழுதினால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். என் ஜெபத்தையும் நான் அப்படித்தான் கிளறிப் பார்த்தேன். விசுவாசம் போதவில்லையா? வார்த்தை போதவில்லையா?

வார்த்தை போதாது என்பது எனக்குப் பழைய கவலை. சபையில் வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்தில் சேர்ந்ததே அதற்காகத்தான். அதை நடத்தும் அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அடுப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேசுவார். நானோ மற்றவர்கள் சொல்லும் நல்ல வாக்கியங்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு என் முறை வரும்போது சொல்லுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. மகளையும் கூட்டிப் போனேன். அங்கே இருந்த எல்லோருக்கும் என் குழந்தை போனது தெரியும். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனவர்கள்தான். மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

செல்போன் கம்பெனி லைனில் வேலை செய்யும் சபைத் தங்கச்சி ஒருத்தி மகளைப் பார்த்ததும், "இன்னாடி, பெரிய பாஸ்டரம்மா வந்துட்டாங்க! நாங்கல்லாம் கம்முனு குந்திகினு இருக்கணுமா?" என்றாள். மகள் வெட்கப்பட்டு என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு சின்ன ஜெபம் செய்வோம். ஒருவர் முடித்ததும் எல்லோரும் ஆமென் சொல்வோம். மகளின் முறையைத் தாண்டிப் போகச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். பாப்பா, பத்திரம், முடி. ஒன்றையும் விடவில்லை. "நல்ல பிதாவே" என்று முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஆமென் சொல்லுங்க" என்றாள். "ஆன்ட்டி, ஆமென் சொல்லலன்னா மேல போகாது."

அக்கா என்னைப் பார்த்தார். "பிள்ளகிட்ட சொல்லலையாட்டி?"

இயேசப்பா கூட்டிட்டுப் போயிட்டார் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். பார்த்துக்கொள்ளச் சொன்னதால்தான் எடுத்துக்கொண்டார் என்று அவள் எண்ணிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. "பாப்பா இப்ப இல்லம்மா. வயித்துக்குள்ளயே செத்துப்போச்சு" என்றேன்.

"எப்போ?"

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல, அப்போ."

"அதுக்கப்புறமும் நான் கேட்டேனே?"

"ஆமாம்மா."

"நீயும் ஆமென் சொன்னியே."

அவளே யோசித்துவிட்டு, "நான் சரியா கேக்கலையாம்மா?" என்றாள்.

"சரியாத்தான் கேட்டே. ரொம்ப சரியா கேட்டே."

"அப்போ ஏன்?"

எதற்கும் ஒரு வசனம் வைத்திருக்கும் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த பைபிளை மூடி வைத்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

தங்கச்சி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாடி செல்லம், கடைக்குப் போலாம்" என்று கை நீட்டினாள். மகள் போகவில்லை. அக்கா முட்டிவலியோடு தரையில் நகர்ந்து வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்" என்றார். அன்று வேறு யாரும் ஜெபிக்கவில்லை. சுற்றி உட்கார்ந்து அழுதோம்.

இப்போது மாலை ஜெபத்தில் மகள் கண்ணை மூடுவதில்லை. நான் ஜெபித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்க்கும்போது பொறுக்கி வைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் வருவதில்லை. உமது சித்தம் என்று தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. நேற்று, "எனக்குத் தாங்கல. கூடவே இருங்க" என்பதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவளைக் கண்ணை மூடச் சொல்லிப் பழக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை. நான் முடித்த பிறகும் அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென் சொல்லு என்று நான் கேட்கவில்லை.